பிள்ளையின் கன்னத்தில் கரப்பன், பழி தாயின் சாப்பாட்டுக் கோப்பையில்

வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு அண்மையாக உள்ள அடுக்குமாடி ஒன்றில் அந்தத் தாயைச் சந்தித்தேன். வயது 28. முதற் பிள்ளைக்கு நான்கரை மாதம். நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். அவருடைய கோப்பையில் சோறு, சரக்குத்தூள் போட்ட உள்ளிக் குழம்பு, முருங்கையிலை வறை இருந்தன. முதல் நாளும் அதுதான், அதற்கு முதல் நாளும் அதுதான். மீன், முட்டை, பருப்பு, பால், தக்காளி, கத்தரிக்காய் எதையும் தொட்டு இரண்டரை மாதமாகிறது என்றார்.

காரணம் அறையில் படுத்திருந்தது. பிள்ளையின் இரண்டு கன்னங்களும் நெற்றியும் தோல் உரிந்து நீர் கசிந்துபோயிருந்தன. சொறியாமல் இருக்கக் கைகளுக்குத் துணியுறை போட்டிருந்தார்கள். இரவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து தூங்குவதில்லையாம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா காணொளி அழைப்பில் வந்தால் முதற் கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டனி?" கனடாவிலிருந்து சித்தி, "பாலை நிற்பாட்டிப் பார் பிள்ளை" என்கிறார். மாமி எதுவும் கேட்பதில்லை, சட்டியைத் திறந்து பார்ப்பார். "நான் வாயைக் கட்டக் கட்ட பிள்ளைக்குக் கூடிக்கொண்டுதான் போகுது. அப்ப இன்னும் எதை விடுறது?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் இன்னொரு தாயைக் கண்டேன். சொந்த இடம் முல்லைத்தீவு. கணவருக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் வேலை. பிள்ளைக்கு எட்டு மாதம். மூன்றாவது மாதத்தில் உடம்பெல்லாம் கரப்பன் போட்டபோது, "உன்ர பால் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை" என்று சுற்றியிருந்தவர்கள் சொல்ல, தாய்ப்பாலை நிறுத்திவிட்டார். குழந்தைகளுக்கான பால்மாப் பேணி வாங்கினார். விலை தாங்கவில்லை. பிறகு வீட்டில் எல்லோரும் தேநீருக்குப் போடும் சாதாரண பால்மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தார். அதுவும் கரப்பனுக்குக் கூடாது என்று யாரோ சொல்ல, கடைசியில் அரிசிக்கஞ்சியில் வந்து நின்றார். அரிப்பு நிற்கவில்லை. நிறை மட்டும் நின்றுவிட்டது. கிளினிக்கில் பிள்ளையின் நிறையைப் பார்த்த மிட்வைஃப் மிஸ்தான் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறார்.

இரண்டு வீட்டிலும் நோய் பிள்ளையின் தோலில் இருந்தது. ஆனால் எல்லோரும் தேடியது தாயின் கோப்பைக்குள். குழந்தைகளின் கரப்பனுக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையில் என்ன தொடர்பு, எங்கே தொடர்பு இல்லை என்பதை, வைத்தியர்களுடன் கதைத்தும் ஆய்வுகளை வாசித்தும் நான் விளங்கிக்கொண்டவரை இங்கே எழுதுகிறேன்.

சாந்து கரைந்த மதில்

நாம் கரப்பன் என்று சொல்வதை வைத்தியர்கள் எக்சிமா என்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் தொடங்கும். கைக்குழந்தைகளில் கன்னம், நெற்றி, தலை, கைகால்களின் வெளிப்பக்கம் என்று வரும். தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடம் மாறும். நப்கின் கட்டும் இடத்தில் பொதுவாக வராது.

எங்கள் பிள்ளைகளின் தோலில் இது படங்களில் காட்டுவதுபோலச் சிவப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அதனால் பல வீடுகளில் வேர்க்குரு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சொறிசிரங்கோடும் குழப்பிக்கொள்வதுண்டு. வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்து, பிள்ளையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பருக்கள் இருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். அது தொற்றும், அதற்கு மருந்து வேறு. கரப்பன் தொற்றாது.

தோலின் மேற்படையை ஒரு மதிலாக நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கள்தான் கற்கள், இடையில் உள்ள கொழுப்புத்தான் சாந்து. மதில் சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே வராது. சில பிள்ளைகள் இந்த மதில் பலவீனமாக இருக்கவே பிறக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கான முக்கிய மரபணுக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மதிலைக் கட்ட உதவும் பிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே காரணம் அல்ல. ஆனால் அதன் பிறகு எக்சிமாவை 'உள்ளே இருந்து கிளம்பும் சூடு' என்று பார்ப்பதை விட்டு, முதலில் தோலின் நோயாகப் பார்க்கும் பார்வை பலப்பட்டது.

தாய்க்கோ தகப்பனுக்கோ கரப்பன், தொய்வு, தும்மல் வருத்தம் இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. அதாவது அந்தப் பிள்ளையின் தோல், தாய் நண்டு சாப்பிட்ட நாளில் கெட்டுப்போகவில்லை.

கிரந்திச் சாப்பாடு

எங்கள் ஊர்களில் 'கிரந்தி' என்ற சொல் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். நண்டு, இறால், கணவாய், சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் கிரந்திச் சாப்பாடு. பிள்ளை பெற்றவர் இவற்றைத் தொடக்கூடாது என்பது பத்தியத்தின் விதி.

இந்தப் பட்டியல் முழுக்க மூடநம்பிக்கை என்று சொல்ல நான் வரவில்லை. இதற்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. ஐஸ் சரியாகப் போடாத சூரை மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். அதைச் சாப்பிட்டவருக்கு அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். நண்டும் இறாலும் சிலருக்கு உண்மையான ஒவ்வாமையைக் கொடுக்கும். தக்காளியின் புளிப்பு பட்டால் ஏற்கெனவே புண்ணான கன்னம் எரியும். ஆனால் இவையெல்லாம் சாப்பிட்டவருடைய உடம்பில், அவருடைய தோலில் நடப்பவை. தாய் சாப்பிட, பிள்ளைக்குக் கரப்பன் வரும் என்பது வேறு கதை.

தாய் சாப்பிடும் உணவின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் வருவது உண்மை. அதனால்தான் இந்தக் கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டார்கள். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய்மார் பால், முட்டை போன்றவற்றைத் தவிர்த்தால் பிள்ளைக்கு எக்சிமா வராமல் தடுக்கலாமா என்று பார்த்த பரிசோதனைகளை கொக்ரேன் அமைப்பு 2012இல் ஒன்றுதிரட்டி மதிப்பிட்டது. தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. வாயைக் கட்டும் தாயின் நிறை குறையலாம் என்ற கவலைதான் மிஞ்சியது. பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. வெள்ளவத்தைத் தாய் அதற்கு நேரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்.

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. முருங்கையிலை, உள்ளி, சுறா வறை, ஓய்வு, பக்கத்தில் ஓர் அம்மா. போர் எங்களிடமிருந்து முதலில் பறித்தது அந்தக் கடைசி இரண்டையும்தான். ஓய்வும் ஆள்துணையும் போய், கடைசியில் 'இதைச் சாப்பிடாதே' என்ற பகுதி மட்டும் தொலைபேசியில் வந்து சேர்கிறது.

தாய்ப்பாலை நிறுத்தலாமா?

தாய்ப்பாலால் கரப்பன் வருகிறது என்பது தவறு. தாய்ப்பால் கொடுத்தால் கரப்பன் வரவே வராது என்பதும் மிகை. இந்த விடயத்தில் நடந்த மிகப் பெரிய பரிசோதனை பெலாருஸ் நாட்டில் நடந்தது. 1996-97இல் 17,046 தாய்மாரும் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். தாய்ப்பாலூட்டலுக்கு விசேட ஆதரவு கொடுத்த வைத்தியசாலைகளில் பிறந்த பிள்ளைகளில் 3.3 சதவீதத்தினருக்கே முதல் வருடத்தில் எக்சிமா வந்தது. மற்ற வைத்தியசாலைகளில் இது 6.3 சதவீதம். வேறு சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே தாய்ப்பால் எக்சிமாவை நிச்சயமாகத் தடுக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் எக்சிமா வந்ததற்காக அதை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. வயிற்றோட்டத்திலிருந்தும் மார்புச்சளியிலிருந்தும் பிள்ளையைக் காப்பது அதுதான்.

'ஒவ்வாமை குறைந்தது' என்ற பெயரில், புரதத்தை உடைத்துச் செய்த விலைகூடிய குழந்தைப் பால்மாக்களும் இருக்கின்றன. அவை எக்சிமாவைத் தடுக்கும் என்ற கூற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2016இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த பெரிய மீளாய்வு காட்டியது. பசுப்பால் ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் விசேட பால்மா வேறு. அது மருந்து போன்றது.

பால்மாப் பேணியின் நினைவு

இதை எழுதும்போது ஒன்றைக் கடந்துபோக முடியவில்லை. எங்கள் மக்களுக்குப் பால்மாப் பேணி வெறும் கடைச்சாமான் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பேணிக்காகக் கடை கடையாக அலைந்தவர்கள் இன்று அம்மம்மாக்களாக இருக்கிறார்கள். 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பிள்ளைகளுக்கான பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்களும் சிறுவர்களும் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். பால்மாவுக்கான அட்டைகளைக் கையில் பிடித்தபடியே தாய்மார் சிலர் இறந்து கிடந்தார்கள் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

அந்த வரிசைகளில் நின்ற ஒரு சமூகத்துக்கு, வீட்டில் ஒரு பேணி பால்மா இருப்பது பாதுகாப்பின் அடையாளமாகப் போனதில் வியப்பில்லை. கொட்டாஞ்சேனைத் தாய் தன் பாலை நம்பாமல் பேணியை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் சொன்னார்: "எங்கட பால்தான் இல்லாமப் போகும், பேணி இருந்தா பிள்ளை தப்பும் எண்டு அம்மா சொல்லுவா."

2022 நெருக்கடியில் 400 கிராம் பால்மாப் பொதியொன்று மார்ச் மாதத்தில் 790 ரூபாவுக்கு ஏறியபோது, அந்தப் பாதுகாப்பு எவ்வளவு எளிதில் கைவிட்டுப் போகும் என்பதை மறுபடி பார்த்தோம். சாதாரண பால்மா ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிரதான உணவல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் போதிய இரும்புச்சத்து இல்லை. தண்ணீராகக் கரைத்தால் மற்றச் சத்துகளும் போய்விடும்.

இலங்கை இந்த விடயத்தில் பின்தங்கிய நாடல்ல. தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவை 1981இல் வந்தது. 1983இலேயே இலங்கை தனக்கான நெறிக்கோவையை உருவாக்கிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். ஆனால் பிள்ளையின் கன்னத்தில் கரப்பன் வந்துவிட்டால், வாகீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவரின் ஒரு வசனம் போதும், இந்தச் சாதனை அந்த வீட்டில் முடிந்துவிடும்.

வாயால் போனால் பழக்கம், தோலால் போனால் பகை

சாப்பாட்டுக்கும் கரப்பனுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நாம் நினைத்ததற்கு மறுபக்கமாக இருக்கிறது. உணவு ஒவ்வாமையால் கரப்பன் வருவதைவிட, கரப்பனால் உணவு ஒவ்வாமை வரும் வழியே பெரிது.

உணவின் துகள்கள் வீட்டுத் தூசியில், எங்கள் கைகளில், பிள்ளையின் துணியில் எல்லாம் இருக்கின்றன. சாந்து கரைந்த மதிலின் வெடிப்புகள் வழியாக அவை தோலுக்குள் போகும்போது, உடம்பின் காவல்படை அவற்றை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. அதே உணவு வாயால் குடலுக்குப் போகும்போது உடம்பு அதை உணவாகப் பழகிக்கொள்கிறது. லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் கிடியோன் லாக் முன்வைத்த விளக்கம் இது. தோல்வழி ஒவ்வாமை கற்பனையல்ல என்பதற்கு ஜப்பானில் நடந்தது சாட்சி. கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பாவித்த 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை பாணும் நூடில்ஸும் வயிறாரச் சாப்பிட்டவர்கள் அவர்கள். 2011இல் அந்தச் சவர்க்காரம் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது.

இதைத் தெரிந்துகொள்ள முன்னர் வைத்திய உலகமும் எங்கள் மாமிமாரைப்போலத்தான் சொன்னது. ஒவ்வாமை வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும், கச்சானையும் மீனையும் மூன்று வயதுவரையும் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கச் சிறுபிள்ளை வைத்தியர் கழகம் 2000ஆம் ஆண்டில் ஆலோசனை கூறியது. 2008இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளிடம் கச்சான் ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று காட்டியது. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே கச்சான் கலந்த தின்பண்டம் சாப்பிடுகிறார்கள்.

இதைச் சோதித்ததுதான் 2015இல் முடிவு வெளியான 'லீப்' ஆய்வு. கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்குச் சிறுவயதிலேயே கச்சான் உணவு கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவில்லை. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை வந்தது. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கே வந்தது. ஜப்பானில் 2017இல் வந்த ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. எக்சிமா உள்ள குழந்தைகளின் தோலை முதலில் மருந்தால் நன்றாக ஆற்றிவிட்டு, ஆறு மாதத்திலிருந்து அவித்த முட்டைத்தூளை மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை அவர்களில் 8 சதவீதம். கொடுக்காதவர்களில் 38 சதவீதம்.

கரப்பன் இருக்கிறதே என்று பயந்து முட்டையையும் மீனையும் பிள்ளைக்குப் பிந்திக் கொடுக்கும் வீடு, தான் பயந்த நோயையே கூப்பிடுகிறது.

கஞ்சியில் நின்றுபோன பிள்ளைகள்

இந்த நோயில் தாய் தகப்பனின் பயமே சில வேளைகளில் பெரிய ஆபத்தாகிவிடும். 2001இல் அமெரிக்கத் தோல்நோய் வைத்தியர்கள் குவாஷியோர்கர் என்னும் கடும் புரதக் குறைபாடு வந்த 12 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலரின் வீட்டில் வறுமை காரணம் அல்ல. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பெற்றோர் உணவை மாற்றியதே காரணம். அரிசியில் செய்த பானத்தில் வளர்ந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்த நோயில் உடம்பு வீங்கி, தோல் கருமையாகிப் பாளம் பாளமாக உரியும். பார்க்கிறவர் கரப்பன் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் சாப்பாட்டைக் குறைப்பார்.

அந்த நோயை 1930களில் ஆபிரிக்காவில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர். அவரே 1939இல் சிங்கப்பூரில், இனிப்பு ரின்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தாய்மாருக்கு விற்பதைக் கண்டித்து ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு.

எங்கள் நாட்டில் இது தூரத்துக் கதை அல்ல. 2016 அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 20.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். அது 2022 நெருக்கடிக்கு முன்னரான கணக்கு. ஏற்கெனவே மெல்லிய பிள்ளையின் கோப்பையிலிருந்து முட்டையையும் மீனையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

என்ன செய்யலாம்?

முதலில் தோலைப் பாருங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் குளிக்க வார்த்து, துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய முன்னர் வாசனையில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். வாசலின் போன்ற மலிவான களிம்பு போதும். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது பூச வேண்டும். நோய் இல்லாத பிள்ளைக்கு முன்கூட்டியே தினமும் பூசினால் எக்சிமா வராமல் தடுக்கும் என்று நம்பினார்கள். 1,394 குழந்தைகளிடம் நடந்த பிரித்தானிய ஆய்வு 2020இல் அது உண்மையில்லை என்று காட்டியது. வந்த பிறகு பூசுவதுதான் பலன் தரும்.

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், சுத்தமான தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. வெடித்து நீர் கசியும் தோலில் கச்சான் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை மா, பசுப்பால் போன்ற உணவுப் பொருட்களைப் பூசாதீர்கள். தோலால் போனால் பகை என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

வைத்தியர் ஸ்டீரொயிட் களிம்பு எழுதித் தந்தால் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். பெரியவரின் சுட்டுவிரல் நுனியளவு களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அவர் சொன்ன நாட்கள் மட்டும் பூசுங்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைப் பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் சோறு தீத்தத் தொடங்கி, பருப்பு, நன்றாக அவித்த முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் தொடரலாம். கச்சானை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். மாவாக அரைத்துக் கஞ்சியில் கரைக்கலாம். கரப்பன் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு முட்டையும் கச்சானும் தொடங்க முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள்.

உண்மையான உணவு ஒவ்வாமை இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஒரு குறித்த உணவைச் சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடித்தல், உதடு வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிழுப்பு வந்தால் அது ஒவ்வாமை. மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம், 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மலத்தில் இரத்தம், நிறை ஏறாமை, மருந்து போட்டும் ஆறாத கரப்பன் என்றால் பசுப்பால் ஒவ்வாமையை வைத்தியர் யோசிப்பார். அப்போதும் ஒரே ஓர் உணவைத்தான், இரண்டு முதல் நான்கு கிழமைக்கு நிறுத்தி, பின்னர் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையில் 'ஆம்' என்று வருவது மட்டும் ஒவ்வாமை ஆகாது. அந்த உணவைச் சாப்பிட்டு ஒன்றும் நடக்காத பிள்ளைக்கும் 'ஆம்' வரலாம். ஆகவே தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாகப் பட்டியல் போட வேண்டாம்.

புண்ணில் மஞ்சள் பொருக்கு, சீழ், அல்லது காய்ச்சலோடு குத்திவிட்டதுபோன்ற சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் முதற்படி உங்கள் பகுதி மிட்வைஃப். பிள்ளையின் பதிவேட்டில் நிறைக்கோடு கீழே சரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கத்தரிக்காய்க் கறி

கொட்டாஞ்சேனைப் பிள்ளை இப்போது களிம்போடும் மருந்தோடும் தேறிவருகிறது. தினமும் முட்டை சாப்பிடுகிறது. வெள்ளவத்தைத் தாய் ஒரு தோல்நோய் வைத்தியரைப் பார்த்தார். இரண்டு கிழமையில் கன்னம் ஆறிவிட்டது. திரும்ப வரும், வந்தால் திரும்பப் பூச வேண்டும் என்று வைத்தியர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும். அவர் மீன் சாப்பிடத் தொடங்கிவிட்டார், மாமி இன்னும் சட்டியைத் திறந்து பார்க்கிறாராம்.

இந்தக் கட்டுரைக்கான வேலை முடிந்த இரவு நான் என் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது என் தம்பிக்கு ஐந்து மாதம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். அந்த வீட்டுக்காரர் கொடுத்த கத்தரிக்காய்க் கறியைப் பசியில் சாப்பிட்டதாகவும், அடுத்தடுத்த நாட்களில் தம்பிக்கு உடம்பெல்லாம் கரப்பன் போட்டதாகவும் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பிக்கு இப்போதும் முழங்கை மடிப்பில் அந்தத் தடம் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், "எல்லாம் நான் வாயைக் கட்டாததால வந்தது" என்பார்.

நான் வாசித்ததை எல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் அப்பாவுக்குத் தொய்வு இருந்ததையும் நினைவூட்டினேன். கத்தரிக்காய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

பிறகு, "அந்த மனிசி நல்ல கறிதான் தந்தவ" என்றார்.